அகஸ்டஸுக்கு ஏன் வயதாகவே இல்லை?

தலவாக்கலைப் பக்கமிருந்து, உயர்தர வகுப்பில் சித்திரம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார்: "சேர், உரோமப் பேரரசர் அகஸ்டஸ் 75 வயதுக்கு மேல் வாழ்ந்தார் என்று படிக்கிறோம். ஆனால் எந்தச் சிலையிலும் அவர் இளைஞராகத்தான் இருக்கிறார். நம்ம பக்கத்துத் தலைவர்மாரின் சிலைகளிலும் ஆள் இருந்ததைவிட வடிவாகத்தான் இருக்கிறார். ஒரு சிலையை அழகாக்கினால் அதிகாரம் எப்படிக் கூடும்? ஆள் அப்படி இல்லை என்று பார்க்கிற சனத்துக்குத் தெரியாதா?"

மகள், ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பதில் இருக்கிறது, ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. இரண்டாவதை வகுப்பில் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி. முதலில் முதலாவதை முடித்துவிட்டு அங்கே வருகிறேன்.

இலட்சிய உருவம் என்றால் மூக்கைக் கொஞ்சம் நேராக்கி, சுருக்கத்தை அழித்து, வயிற்றைக் குறைத்து ஆளை அழகாக்குவது என்றுதான் பொதுவாக எழுதுகிறார்கள். கலியாண அல்பத்தில் கமராக்காரர் செய்கிற வேலை மாதிரி. அவ்வளவுதான் விஷயம் என்றால் உலகத்தில் எல்லா அரசர் சிலையும் ஒரே விதமாக அழகாக இருக்க வேண்டும். அப்படி இல்லையே. அகஸ்டஸுக்கு இளமை தேவைப்பட்டது. அதே உரோமில் இன்னொரு பேரரசருக்கு வழுக்கை தேவைப்பட்டது. மதுரை நாயக்கருக்குத் தொந்தி தேவைப்பட்டது. எகிப்தில் ஹட்செப்சுட் என்ற பெண்ணுக்கு ஆணின் மார்பும் ஒட்டுத் தாடியும் தேவைப்பட்டன. இத்தனை காலம் படிப்பித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: ஓர் ஆட்சியாளரின் உரிமையில் எந்த இடத்தில் சந்தேகம் விழுகிறதோ, சிலை அந்த இடத்தில்தான் கூடுதலாக உழைக்கும். அதனால் ஒரு சிலையின் முன்னால் நின்றால், 'இது யார்?' என்று கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். 'இவரைப் பற்றிச் சனம் என்ன முணுமுணுத்தது?' என்றும் கேளுங்கள்.

அகஸ்டஸையே எடுப்போம். பிறந்தது கி.மு. 63. கி.மு. 44இல் யூலியஸ் சீசரைக் கொன்றபோது இவருக்கு வயது 18. சீசரின் மகன் அல்ல, சீசருடைய சகோதரியின் பேரன். உயிலில் எழுதித்தான் மகனானார். போர்க்களத்தில் பெரிதாகப் பெயர் எடுத்தவரும் இல்லை. கி.மு. 31இல் அக்டியம் கடற்போரை இவருக்காக வென்று கொடுத்தவர் நண்பர் அகிரிப்பா. உடம்பு அடிக்கடி படுத்தும். ஆள் உயரம் குறைவு, ஆனால் உடல் அளவாக இருந்ததால் பக்கத்தில் ஓர் உயரமானவர் வந்து நின்றால்தான் அது தெரியும், பற்கள் சிறிதாக, இடைவெளி விட்டு, பழுதாகி இருந்தன என்று பிற்கால உரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். இதற்கெல்லாம் மேலே இன்னொரு சிக்கல். உரோமருக்கு 'அரசன்' என்ற பேச்சே ஆகாது. சீசரைக் கொன்றதே அந்தப் பயத்தால்தான். ஆக, வயது போதாது, வீரன் இல்லை, சொந்த மகன் இல்லை, அரசனாகப் பார்க்கிறான். இப்படி நாலு முணுமுணுப்பு.

இப்போது பிரிமா போர்ட்டா சிலைக்கு வாருங்கள். 1863இல் உரோமுக்கு வெளியே, அவருடைய மனைவி லிவியாவின் மாளிகை இடிபாட்டில் கிடைத்தது. பளிங்கு. உயரம் 2 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். இன்று வத்திக்கான் நூதனசாலையில் நிற்கிறது. ஒரு காலில் பாரத்தை வைத்து, மற்றக் காலின் குதியைத் தூக்கி நிற்கிற அந்த நிலை, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி பொலிக்லீட்டஸ் செய்த ஈட்டி ஏந்திய இளைஞனின் நிலை. படித்த உரோமருக்குப் பார்த்த உடனே அது விளங்கும். வயது போதாது என்ற குறையை இந்த நிலை அப்படியே புரட்டிப் போடுகிறது. இளமை அனுபவக் குறைவாகத் தெரியாமல், காலம் தொடாத முழுமையாகத் தெரிகிறது.

மார்பிலே கவசம், ஆனால் காலிலே செருப்பு இல்லை. படைத்தலைவன் வெறுங்காலோடு களத்துக்குப் போகமாட்டான். வெறுங்கால் தெய்வங்களுக்கும் வீர முன்னோருக்கும் உரியது. வலது காலடியில் டொல்பின் மேல் ஒரு குட்டிப் பையன் இருக்கிறான். அவன் கியூபிட், காதல் தெய்வமான வீனஸின் மகன். சீசரின் குடும்பம் தங்களை வீனஸ் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டது. தத்துப்பிள்ளை என்ற குறைக்குப் பதில் அந்தக் கணுக்காலடியில் இருக்கிறது. இதில் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பளிங்குச் சிலையின் முழுப் பாரமும் கணுக்காலில் வந்து இறங்கும், முட்டுக் கொடுக்காவிட்டால் முறிந்துவிடும். வேறு சிற்பிகள் அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி விடுவார்கள். இந்தச் சிற்பி அந்த முட்டையே வம்சாவளியாக மாற்றிவிட்டான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் தெரியாத கைக்காரன் மேல் மரியாதை வருகிறது.

கவசத்தின் நடுவில் ஒரு பார்த்தியன், அதாவது உரோமின் கிழக்கு எதிரியான பார்த்தியப் பேரரசின் ஆள், உரோமப் படையின் கழுகுக் கொடியை ஓர் உரோமனிடம் திருப்பிக் கொடுக்கிறான். கி.மு. 53இல் உரோமத் தளபதி கிராசஸ் அவர்களிடம் தோற்றபோது பறிபோன கொடிகள் அவை. கி.மு. 20இல் அகஸ்டஸ் அவற்றை மீட்டார். சண்டை போட்டு இல்லை, பேச்சுவார்த்தையால். வீரன் இல்லை என்பவனுக்கு, சண்டையே இல்லாமல் வந்த வெற்றியைக் கவசத்தில் செதுக்கி மார்பில் மாட்டி விட்டிருக்கிறார்கள். மேலே ஆகாயத் தெய்வம், கீழே குழந்தைகளோடு பூமித்தாய். நடுவில் நடந்ததை உலகமே ஏற்றுக்கொண்டது என்ற மாதிரி. முழுச் சிலைக்கும் ஒரு காலத்தில் வண்ணம் பூசியிருந்தார்கள், அதன் தடயம் கிடைத்திருக்கிறது. ஆகவே நம் புத்தகத்தில் இருக்கிற வெள்ளைப் படத்தை வைத்து அதன் அமைதியை மட்டும் கணக்குப் போடாதீர்கள். அன்று பார்த்தவர்களுக்கு அது நம் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குக் கிட்டத்தில் இருந்திருக்கும்.

உங்கள் கேள்வியின் மையம் முகம். கி.மு. 27இல் 'அகஸ்டஸ்' என்ற பட்டம் கிடைத்த காலத்தையொட்டி ஒரு முகம் உருவானது. கி.பி. 14இல் அவர் சாகும் வரை அது மாறவில்லை. அவருடைய உருவத்தலைகள் இன்று 200க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பேரரசின் எந்த மூலையில் கிடைத்தாலும் நெற்றி முடியைப் பார்த்து அடையாளம் சொல்லலாம். நெற்றிக்கு நடுவே கொஞ்சம் தள்ளி ஒரு கற்றை கவட்டையாகப் பிரியும், அதன் பக்கத்தில் இரண்டு கற்றைகள் இடுக்கி போல ஒன்றையொன்று பார்த்து வளையும். உரோமிலிருந்து மாதிரித் தலைகள் மாகாணங்களுக்குப் போயின, உள்ளூர்ச் சிற்பிகள் அந்தக் கற்றைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செதுக்கினார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கன்னம் கொஞ்சம் மாறலாம், காது மாறலாம், நெற்றிக் கற்றை மாறாது. புகைப்படம் இல்லாத காலத்தில், சந்தையில் கைமாறுகிற நாணயத்தில் இருக்கிற தலையும் நகர முற்றத்தில் நிற்கிற தலையும் ஒன்றே என்று சனம் உணர வேண்டும். அந்த ஒருமைதான் அதிகாரம். அவர் வராத ஊரிலும் அவர் இருக்கிறார்.

சரி, ஏன் வயதாகவில்லை? முகம் கிழடு தட்டினால் பார்க்கிறவன் மனதில் உடனே வரும் கேள்வி, 'இவருக்குப் பிறகு யார்?' என்பது. அந்தக் கேள்விதான் உரோமைப் பல தடவை உள்நாட்டுப் போரில் தள்ளியது. மாறாத முகம் அந்தக் கேள்வியை எழவிடாமல் வைக்கிறது. ஆளுக்கு வயதாகும், ஆட்சிக்கு வயதாகவில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

இதற்கு எதிர்ப் பக்கத்தைப் பார்த்தால்தான் நான் சொல்ல வருவது முழுதாக விளங்கும். அகஸ்டஸுக்கு முந்திய குடியரசுக் காலத்தில் உரோமப் பெரியவர்களின் தலைகளில் சுருக்கம், தொங்கும் தாடை, மரு எல்லாமே இருக்கும். பாடப்புத்தகம் இதை 'யதார்த்தம்' என்று சொல்லி நகர்ந்துவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதிர்ச்சி, கடும் உழைப்பு, பதவிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்த அனுபவம் ஆகியவைதான் அந்தச் சமூகத்தில் ஆளும் தகுதி. அதனால் சுருக்கத்தையும் கூட்டித்தான் செதுக்கினார்கள். அதுவும் ஓர் இலட்சிய முகமே. பிறகு பேரரசர் நீரோ ஆடம்பரத்தில் ஆடி, தடித்த கன்னமும் சுருட்டி விட்ட முடியுமாகச் சிலை வைத்து, கி.பி. 68இல் வீழ்ந்தார். அடுத்த ஆண்டே நாலு பேர் மாறி மாறி ஆட்சிக்கு வந்தார்கள். கடைசியில் நிலைத்தவர் வெஸ்பாசியன், பெரிய குலம் இல்லாத ஒரு படைத்தலைவர். அவருடைய சிலைகளில் வழுக்கையும் நெற்றிக் கோடுகளும் இறுகிய வாயும் அப்படியே இருக்கின்றன. நீரோவைப் போல நான் இல்லை, பழைய காலத்துக் கண்டிப்பான ஆள் என்று சொல்ல அவருக்கு வழுக்கையைவிட நல்ல சாட்சி ஏது? நீரோவின் சில தலைகளைத் தூக்கி எறியாமல், அவற்றையே செதுக்கி வெஸ்பாசியனாக மாற்றியும் இருக்கிறார்கள். கல் வீணாகவில்லை.

ஹட்செப்சுட்டின் கதை சுருக்கமானது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட பெண். பாரோ என்ற பதவிக்கு ஆண் உடல்தான் ஆயிரக்கணக்கான வருட வழக்கம். அதனால் சில சிலைகளில் பெண்ணாக இருந்தாலும், டெய்ர் எல்-பஹ்ரி கோயிலின் பல சிலைகளில் அகன்ற தோளும் அரசத் தாடியுமாக இருக்கிறார். யாரையும் ஏமாற்ற முயலவில்லை, பக்கத்துக் கல்வெட்டுகளில் பெண்பால் சொற்கள் இருக்கின்றன. அங்கே செதுக்கப்பட்டது அவருடைய உடம்பு இல்லை, பதவியின் உடம்பு.

அப்புறம் நம் பக்கத்துக்கு வருவோம். இதில் நமக்குச் சொந்தமான விஷயம் நிறைய இருக்கிறது.

நம் சிற்ப மரபில் தாளமானம் என்று ஒரு கணக்கு உண்டு. முகத்தின் நீளத்தை ஓர் அலகாக வைத்து முழு உருவத்தின் உயரத்தையும் வகுப்பது. பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாளம். தகுதி இறங்க இறங்கத் தாளமும் இறங்கும். பிள்ளையாருக்கு ஐந்து, பூதகணங்களுக்கு நாலு. ஆக உடம்பின் அளவே ஒருவருடைய தகுதியைச் சொல்லிவிடுகிறது. இந்தக் கணக்கில் ஊறிய ஒரு ஸ்தபதியின் கையில் ஓர் அரசனைக் கொடுத்தால் என்ன ஆகும்? முகத்தில் ஆள் தெரியவே மாட்டார். வாஷிங்டனில் ஃப்ரீயர் நூதனசாலையில் 10ஆம் நூற்றாண்டுச் சோழ வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. சோழ அரசி செம்பியன் மாதேவியின் உருவம் என்று பலர் சொல்கிறார்கள், பார்வதியே என்று வேறு சிலர் சொல்கிறார்கள். முடிவில்லாத வழக்கு. அந்த உருவத்தின் சாதனையே அதுதான் என்பேன். பொலன்னறுவையில் பொத்குல் விகாரைப் பக்கம் பாறையில் செதுக்கிய, மூன்றரை மீற்றர் உயரத் தாடிக்காரரும் அப்படித்தான். பராக்கிரமபாகு மன்னர் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வார்கள், முனிவர் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். கிரீடம் இல்லை, பெயர் இல்லை. கையில் இருப்பது ஏடா நுகத்தடியா என்பதிலும் இணக்கம் இல்லை. இலட்சிய உருவத்தில் ஆளை ஆளாக்குவது முகம் இல்லை, கிரீடமும் கையில் இருக்கிற பொருளும் நிற்கிற இடமும் பெயர்ப்பலகையும்தான் என்பதற்கு இந்த இரண்டு உருவங்களையும்விட நல்ல உதாரணம் கிடையாது.

தொந்திக்கு வருகிறேன். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கிற புதுமண்டபத்தின் தூண்களில் நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள் நிற்கின்றன. திருமலை நாயக்கர் (ஆட்சி 1623 முதல் 1659 வரை) கட்டிய மண்டபம். பிதுங்கிய வயிறு, கனத்த நகைகள், இடுப்பில் குத்துவாள், ஆனால் இரண்டு கையும் கூப்பியபடி. இதுவும் இலட்சிய உருவம்தான். வயிறு என்பது வளம், உண்டு உடுத்திப் பிறருக்கும் அள்ளிக் கொடுக்கிற செழிப்பு. நாயக்கர்கள் விஜயநகரப் பேரரசின் ஆளுநர்களாக வந்து பிறகு தாங்களே ஆளத் தொடங்கியவர்கள். அரச குலம் என்று காட்டப் பழைய வம்சம் இல்லை. அதற்குச் சிலை தருகிற விடை கூப்பிய கை. எனக்கு இந்த உரிமையைத் தந்தவள் மீனாட்சி என்று அது சொல்கிறது. கோயிலுக்கு வருகிறவன் அம்மனைக் கும்பிடப் போகிற வழியில், தனக்கு முன்னமே கும்பிட்டுக்கொண்டு நிற்கிற அரசனைக் கடந்துதான் போகிறான். பணிவைக் காட்டி அதிகாரத்தை உறுதிப்படுத்துகிற இந்த வித்தை உரோமருக்குக் கைவரவில்லை என்றே நினைக்கிறேன். திருப்பதியில் கிருஷ்ணதேவராயர் தன் இரண்டு அரசிகளோடு கைகூப்பி நிற்கிற உலோகச் சிலைகளும் இதே வழிதான்.

இந்த நாயக்கர் வழி நேரே மலைநாட்டுக்கு வருகிறது. கண்டியின் கடைசி நாலு அரசர்களும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் குடும்பத்தவர். அவர்களில் இரண்டாவது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ஆட்சி 1747 முதல் 1782 வரை. இவர்மேல் விழுந்த சந்தேகம் என்னவென்று ஊகிக்கலாம். வெளியிலிருந்து வந்தவர், சைவப் பழக்கத்தில் வளர்ந்தவர், பௌத்த இராச்சியத்தை ஆளுகிறார். 1760இல் பிரதானிகளும் சில பிக்குகளும் சேர்ந்து அவரைக் கொல்லவே திட்டமிட்டார்கள். இன்னொரு பக்கம், அவரளவுக்குப் பௌத்தத்துக்குச் செய்த கண்டி அரசர் அரிது. 1753இல் சியாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதாவை, அதாவது பிக்குகளுக்கான முழுத் துறவு நியமனத்தை, மீட்டார். பாழாகிக் கிடந்த விகாரைகளைப் புதுப்பித்தார். தம்புள்ளைக் குகைகளில் மூன்றாவது அவர் காலத்தில் விகாரையாக்கப்பட்டது. அங்கே அவருடைய வண்ணச் சிலை, கண்டி அரச கோலத்தில், புத்தர் சிலைகளின் நடுவில் நிற்கிறது.

அடுத்த குகைக்குள், அதாவது இரண்டாவதில், வலகம்பா, நிசங்க மல்லன் என்ற இரண்டு பழைய அரசர்களின் உருவங்கள் இருக்கின்றன. வலகம்பா கி.மு. 1ஆம் நூற்றாண்டுக்காரர், தம்புள்ளையைத் தொடங்கி வைத்தவராகக் கருதப்படுபவர். நிசங்க மல்லன் 12ஆம் நூற்றாண்டில் கலிங்கத்திலிருந்து வந்து ஆண்டவர். அவரும் வெளியாள்தான். இந்த வரிசையில் தன்னையும் நிறுத்தியதில்தான் கீர்த்தி ஸ்ரீயின் கெட்டித்தனம் இருக்கிறது. முகம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று யாரும் அங்கே அளக்கப் போவதில்லை. விகாரையைத் தொடங்கியவர், அழகுபடுத்தியவர், மீண்டும் எழுப்பியவர் என்று மூன்று பேர். நீங்கள் ஒரு குகையிலிருந்து அடுத்த குகைக்கு நடக்கும்போது உங்கள் காலே அந்த வம்சாவளியை எழுதிவிடுகிறது. இரத்த உறவு இல்லாத இடத்தில் தர்மத்தால் ஒரு உறவு. அகஸ்டஸின் டொல்பினுக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: சனத்துக்குத் தெரியாதா?

தெரியும், நன்றாகவே தெரியும். பெரும்பாலானவர்கள் அரசரைக் கண்ணால் காணாதவர்கள், அது ஒரு பக்கம். கண்டவர்களும் சிலையை நம்பித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. சிலைக்கு நம் நம்பிக்கை தேவைப்படுவதில்லை, நடத்தைதான் தேவை. உரோமில் எசமானின் கொடுமை தாங்காத அடிமை பேரரசரின் சிலையடிக்கு ஓடிப் போய் அடைக்கலம் கேட்கலாம். அதே நேரம், அகஸ்டஸுக்கு அடுத்து வந்த திபேரியஸின் ஆட்சியில் நிலைமை முற்றிப்போய், அகஸ்டஸ் சிலைக்குப் பக்கத்தில் அடிமையை அடிப்பது, உடை மாற்றுவது, அவர் தலை பொறித்த நாணயத்தைக் கழிவறைக்குக் கொண்டு போவது எல்லாம் மரண தண்டனைக் குற்றமாயின என்று சுவெட்டோனியஸ் எழுதுகிறார். சிலை முன்னால் குரலைத் தாழ்த்துகிறவன் அதை அழகு என்று நினைக்கிறானா இல்லையா என்பது யாருக்கும் பொருட்டில்லை. அவன் குரலைத் தாழ்த்துகிறான், அதை மற்றவர்கள் பார்க்கிறார்கள், பார்த்தவர்களும் தாழ்த்துகிறார்கள்.

இதை மிக நன்றாக விளங்கிக்கொண்டவர்கள் எதிரிகள். எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடானில் இருந்த குஷ் இராச்சியத்தின் படை கி.மு. 25ஐ ஒட்டி உரோம எல்லைக்குள் புகுந்து சூறையாடியது. அகஸ்டஸின் வெண்கலச் சிலை ஒன்றின் தலையை வெட்டித் தங்கள் தலைநகர் மெரோவேக்குக் கொண்டு போனார்கள். உருக்கவில்லை. ஒரு கோயிலின் வாசற்படிக்குக் கீழே புதைத்தார்கள், உள்ளே போகிற ஒவ்வொருவரும் அந்தத் தலையை மிதித்துக்கொண்டு போக வேண்டும் என்று. 1910இல் அகழ்ந்து எடுத்தபோது கண்ணாடியும் கல்லும் பதித்த கண்கள்கூட அப்படியே இருந்தன. இன்று பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. படத்தைத் தேடிப் பாருங்கள், அந்தக் கண்கள் உங்களைப் பார்க்காது, உங்களுக்கு அப்பால் எதையோ பார்க்கும். நெற்றியில் அதே கவட்டைக் கற்றை. அவமானப்படுத்த மிதித்தார்கள், ஆனால் மிதித்ததன் மூலம் அந்த வெண்கலம் வெறும் வெண்கலம் இல்லை என்று அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். 1956 ஒக்டோபர் 23ஆம் திகதி புடாபெஸ்ட்டில் ஸ்டாலினின் பெரிய சிலையைச் சனம் அறுத்துச் சாய்த்தபோது பீடத்தில் சப்பாத்துகள் மட்டும் மிஞ்சின. அம்மைத்தழும்பு முகமும் சரியாக இயங்காத இடது கையும் கொண்ட ஸ்டாலினுக்குச் சிலைகளில் அவை எதுவும் இருந்ததில்லை. அது பொய் என்று தெரிந்ததற்காக அவர்கள் அறுக்கவில்லை. அந்தச் சிலைக்குக் கீழே நடந்து போக வேண்டியிருந்த வருடங்களுக்காக அறுத்தார்கள்.

நம் சந்திகளில் நிற்கிற சிலைகளைப் பற்றியும் கேட்டீர்கள். நான் பார்த்த அளவில் அவை பெரும்பாலும் சீமெந்தில் செய்து மேலே வண்ணம் பூசியவை, கோயில் சுதை வேலை தெரிந்த கைகளுக்குப் பழக்கமான வேலை. சிற்பிக்குக் கிடைப்பது ஒன்றோ இரண்டோ புகைப்படம், அதுவும் நல்ல நாளில் எடுத்தது. மூக்குக்கண்ணாடி, மீசை, சால்வை, தலைவாரிய விதம், இவை நாலும் சரியாக வந்துவிட்டால் ஆள் வந்துவிட்டார். மிச்சத்தைக் கை தன் பழக்கத்தில் நிரப்பும். அதனால்தான் அந்தக் கண்களில் கோயில் விக்கிரகத்தின் அகலம் தெரிகிறது. இதைச் சிலர் கைவேலைக் குறை என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்க மாட்டேன். சனம் தங்கள் தலைவரை எந்த வரிசையில் வைக்க விரும்புகிறது என்பதை அந்தக் கை அறிந்திருக்கிறது.

கொழும்பில் காலி முகத்திடலுக்குப் பக்கத்தில், பழைய பாராளுமன்றக் கட்டட வளாகத்தில், தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் சிலை இருக்கிறது. அவருடைய அரசியலோடு உடன்படுகிறவர்களும் உண்டு, கடுமையாக விமர்சிப்பவர்களும் உண்டு, அது இங்கே பேச்சு இல்லை. நான் சொல்வது இடத்தைப் பற்றி. 1947 தேர்தலில் நுவரெலியாவிலிருந்து தெரிவாகி அந்தக் கட்டடத்துக்குத்தான் போனார். 1948இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியதும் அதே இடத்தில்தான். அவருக்கு வாக்களித்த தோட்டத்துச் சனத்தில் மிகப் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா தொகுதியில் வென்று அவர் மீண்டும் வந்தார். இப்போது சந்தேகம் எங்கே விழுந்தது என்ற நம் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். முணுமுணுப்பு இந்தத் தலைவரைப் பற்றி மட்டும் இல்லை, 'இவர்கள் இந்த நாட்டவர்களா?' என்று ஒரு முழுச் சமூகத்தைப் பற்றியது. அதற்குப் பதில் முகத்தில் இல்லை, அந்தச் சிலை நிற்கிற நிலத்தில் இருக்கிறது. பேரரசர்கள் பயன்படுத்திய அதே உபாயம்தான், ஆனால் கீழே தள்ளப்பட்டவர்களின் கையில் அது வேறு வேலை செய்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இதை விலகி நின்று எழுத என்னால் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பிரிமா போர்ட்டா கவசத்தின் படத்தைப் பெரிதாக்கி, நடுக்காட்சிக்கு இரண்டு பக்கமும் பாருங்கள். ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பெண்கள் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உரோம் வென்றடக்கிய நாடுகளின் உருவகம். பேரரசருக்குப் பெயர் இருக்கிறது, நெற்றிக் கற்றை வரை அடையாளம் இருக்கிறது. ஆளப்பட்டவர்களுக்குப் பெயர் இல்லை, ஏதோ ஒரு பெண்ணாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கமே பாருங்கள். சென் கிளயார் பக்கம் பிரதான வீதியோரத்துத் தேயிலை நிலையத்தில் ஜேம்ஸ் டெய்லருக்குச் சிலை இருக்கிறது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலையை வர்த்தகப் பயிராகத் தொடங்கியவர். அவர் ஆட்சியாளர் இல்லை, ஆனால் தோட்டத்தில் துரை என்றால் என்னவென்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அவர் பெயரோடு நிற்கிறார். கொழுந்து பறிக்கிற பெண்ணின் உருவமும் நாடெங்கும் இருக்கிறது, தேயிலைப் பெட்டியில், விளம்பரப் பலகையில், ஹோட்டல் சுவரில். கூடை, முக்காடு, சிரிப்பு. அந்தச் சிரிப்பும் இலட்சிய உருவம்தான். அட்டைக் கடியும் மழையும் கொழுந்து நிறுக்கிற இடத்துச் சண்டையும் அதில் வராது, ஒரு பெயரும் வராது. இலட்சியப்படுத்தல் மேலே இருப்பவருக்கு ஒரு பெயரைக் கல்லில் நிலைக்கச் செய்கிறது. கீழே இருப்பவரிடமிருந்து பெயரை எடுத்துவிடுகிறது. இரண்டும் ஒரே கலைமுறைதான். உங்கள் ஒப்படையில் இதை எழுதினால் துணிச்சலாகவே எழுதுங்கள், ஆதாரம் அந்தக் கவசத்திலேயே இருக்கிறது.

பரீட்சைக்கு எழுதும்போது முதலில் நிலை, உடை, முகம், துணை உருவம், இடம் என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். அதற்குப் பிறகு காரணத்துக்குப் போங்கள். 'கம்பீரம்', 'அழகு' என்ற சொற்களோடு நிறுத்தினால் புள்ளி வராது. வெறுங்காலை எழுதினால் ஏன் வெறுங்கால் என்று அதே வரியில் எழுதுங்கள்.

இந்தக் கிழமை ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள். டவுனில் இருக்கிற ஏதாவதொரு தலைவர் சிலைக்கு எதிரே, வீதியின் மற்றப் பக்கம் தூரமாகப் போய் நில்லுங்கள். கிட்ட நின்றால் பீட உயரத்தால் கணக்குப் பிழைக்கும். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, உச்சந்தலையிலிருந்து நாடி வரை ஒரு தலை என்று அளந்துகொண்டு, பாதம் வரை எத்தனை தலை வருகிறது என்று எண்ணுங்கள். உயிருள்ள மனிதருக்கு ஏழு அல்லது ஏழரை வரும். எட்டு வந்தால் சிற்பி ஆளை உயர்த்தியிருக்கிறார். ஆறரை, ஏழு என்று வந்தால் முகம்தான் முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறார். எண்ணிக்கையையும் பீடத்தில் எழுதியிருப்பதையும் குறித்து அனுப்புங்கள், அந்தச் சிலையை வைத்தே மேலே பேசலாம்.